மரியாதைப் பிடி

துணைவேந்தரின் பெயரட்டையைக் குத்தியிருந்த முட்டைக்கோஸ், கண்ணை மூடித் திறப்பதற்குள் சட்னியாகிவிட்டது. இலைகள் ஆய்வகச் சுவரில் போய் அப்பிக்கொண்டன. தண்டு மடக்கென்று முறிந்து, ஆய்வு மாணவன் மான்சொக்கின் காதை உரசிக்கொண்டு பறந்து, கண்ணாடி அலமாரியில் மோதியது. இவ்வளவையும் செய்துவிட்டு, எந்திர மனிதன் கொங்சொன் இடுப்பை வளைத்துக் குனிந்து, "தங்களைச் சந்தித்ததில் பெருமகிழ்ச்சி, துணைவேந்தர் அவர்களே" என்று தேன் குரலில் சொன்னது.

மான்சொக் தலைமயிரில் ஒட்டியிருந்த இலையை எடுத்துப் போட்டான். அதே பெயரட்டையை, மதியச் சாப்பாட்டுக்கு வாங்கி வைத்திருந்த பன்றிக்காலில் குத்தி நீட்டினான். சோயாவில் நன்றாக வெந்த, எலும்போடு கூடிய முழுக்கால். கொங்சொன் அதைப் பணிவாகப் பற்றியது. எலும்பு நொறுங்கிய சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் சுவரைத் தட்டினார்கள்.

கடைசியாக, பெயரட்டை எதுவும் இல்லாமல், தன் கையையே நீட்டினான். கொங்சொன் குழந்தையின் விரலைத் தொடுவதுபோலத் தொட்டு, "வாப்பா" என்று சொல்லி விட்டுவிட்டது.

விஷயம் இதுதான். தேஜொன் நகரத்து சொல்மே பல்கலைக்கழகமும் மிர்சன் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடமும் கூட்டுச் சேர்ந்து ஓர் எந்திர மனிதனைச் செய்திருந்தன. விருந்தினரை வணங்கிக் கைகுலுக்குவது அதன் வேலை. கொங்சொன் என்றால் அவர்கள் மொழியில் பணிவு. வெறுமனே கைகுலுக்கினால் அந்த ஊரில் மதிப்பார்களா? ஆளுக்கேற்ற குனிவு, ஆளுக்கேற்ற பிடி வேண்டாமா? அதனால் ஒவ்வொருவர் பெயரட்டைக்குள்ளும் ஒரு மரியாதை எண் வைத்தார்கள். எண் கூடக்கூடக் கொங்சொன் ஆழமாகக் குனியும், நெடுநேரம் பிடிக்கும், இறுக்கிப் பிடிக்கும். மாணவர்களுக்கு எண் பூஜ்யம்.

மூன்று வருடமாகச் சோதனைக்குக் கை கொடுத்தவன் மான்சொக் ஒருவன்தான். ஒரு பேராசிரியரைக் கூப்பிட்டு, கையை நீட்டுங்கள், உடைகிறதா பார்ப்போம் என்று சொல்ல முடியுமா? மாணவன் கை ஆயிரம் முறை குலுக்கப்பட்டது, ஆயிரம் முறையும் நலமாகத் திரும்பியது. கொங்சொன் முற்றிலும் பாதுகாப்பானது என்று இரு தரப்பும் அறிவித்துவிட்டன.

முதலில் உச்ச எண் பத்து என்றுதான் இருந்தது. மிர்சன் சேர்மன் ஓக்குக்குப் பத்து என்று கம்பெனி எழுதியனுப்பியது. எங்கள் துணைவேந்தர் யோம் என்ன இளைத்தவரா என்று பல்கலைக்கழகம் பதினொன்று போட்டது. கம்பெனி பதின்மூன்று. பல்கலைக்கழகம் பதினெட்டு. இப்படி ஏலம் ஏறி, கடைசியில் இருவருக்கும் நாற்பத்திரண்டு என்று சமாதானம் ஆனது. பெரியவர்கள் ஏறினால் சின்னவர்கள் சும்மா இருப்பார்களா? பேராசிரியர்கள், இயக்குநர்கள், உதவி இயக்குநர்கள் என எல்லோரும் பின்னாலேயே முப்பதைத் தாண்டி ஏறிவிட்டார்கள். எண்களைக் கணினியில் அடித்தவன் மான்சொக்தான். அடிக்கும்போது எவனுக்கு இதெல்லாம் தோன்றுகிறது! இன்றைக்குத்தான் எதற்கும் பார்ப்போமே என்று ஒரு முட்டைக்கோஸை வாங்கி வந்தான்.

அவன் ஓடியது பேராசிரியர் மெங்கின் அறைக்கு. அவனுக்கு ஆய்வு வழிகாட்டி அவர்தான். நாளைய விழாவுக்காகக் கண்ணாடி முன் நின்று சிரித்துப் பழகிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நாளைக்கு விழாவ நிறுத்தணும்."

"எதுக்கு?"

"கொங்சொன் துணைவேந்தரய்யா கைய ஒடச்சிரும்."

"யாரு சொன்னா?"

"முட்டைக்கோஸ்ல வச்சுப் பாத்தேன், ஐயா. சட்னியாயிருச்சு. பன்னிக்காலு தூள் தூளாயிருச்சு."

"பன்னிக்காலும் துணைவேந்தரும் ஒண்ணாடா?" மெங் சிரிப்பை விடாமலே திட்டினார். "மூணு வருஷமா உன் கையத்தான குலுக்குது? ஒடஞ்சுதா?"

"எனக்கு எண் பூஜ்யம் ஐயா."

"அது உன் கொறைடா. அதுக்குக் கொங்சொன் என்ன பண்ணும்?"

"எண்ணக் கொஞ்சம் கொறச்சாப் போதும். நாப்பத்திரெண்டப் பத்து ஆக்கிட்டா..."

மெங்கின் சிரிப்பு போய்விட்டது. "துணைவேந்தரோட மரியாதையக் கொறைக்கச் சொல்ற. கொறைச்சுட்டு, கீழ யாரு கையெழுத்துப் போடுவா? நானா? மிர்சன்காரன் மொதல்ல அவன் சேர்மனுக்குக் கொறைக்கட்டும், அப்புறம் பாப்போம்." பிறகு குரலைத் தாழ்த்தி, மேசை இழுப்பறையைத் திறந்து, தன் சின்ன முத்திரையை எடுத்தார். அதன் அடியை ஊதினார். "ஒன் ஆய்வேட்டுல நாலு பேரு குத்தியாச்சு. நான் ஒருத்தன்தான் பாக்கி. விழா நல்லபடியா முடியட்டும், சாயங்காலமே குத்திடறேன். சந்தோஷமா?" என்று சொல்லி முத்திரையை உள்ளே போட்டு மூடினார்.

மான்சொக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். வராமல் என்ன செய்வான்? எட்டு வருடமாக அவன் அந்தச் சிவப்பு முத்திரைக்காகத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறான். சந்தையில் கிம்ச்சி ஊறுகாய் விற்கும் அவன் அம்மா, என் மகன் டாக்டர் ஆகப்போகிறான் என்று பக்கத்துக் கடைக்காரிகளிடம் சொல்லிச் சொல்லி, இப்போது அவர்கள் கேட்டால் பேச்சை மாற்றுகிறாள். இவனை வளாகத்தில் எல்லோரும் "ஏ மாணவா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதலாண்டுப் பொடிசுகள்கூட இப்போது அப்படிக் கூப்பிடத் தொடங்கிவிட்டன.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. கம்பெனித் தரப்பு மேலாளர் பியோ அம்மாளைப் போய்ப் பார்த்தான். நொறுங்கிய பன்றிக்காலைத் தட்டில் வைத்துக் காட்டினான். அவள் குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"இது யாரு காசுல வாங்குனது, தம்பி?"

"ஆய்வகச் சாப்பாட்டுக் கணக்குல, மேலாளரம்மா."

"அப்ப இது கூட்டு ஆய்வோட விளைவு. ஒடஞ்ச எலும்புல பாதி எங்களுது. எங்க சட்டப் பிரிவு அனுமதி இல்லாம இது ஒடஞ்சதையே நீங்க வெளிய சொல்லக் கூடாது."

"நாளைக்குச் சேர்மன் கை ஒடஞ்சா?"

"அதுல முழுசும் எங்களுது" என்றாள் பியோ, கொஞ்சம்கூடச் சிரிக்காமல். "பயப்படாதீங்க. நிறுத்துற பொத்தான் இருக்குல்ல?"

இருந்தது. அதுவும் இரண்டு. மேடைக்கு அந்தப் பக்கம் பல்கலைக்கழகத்தின் சிவப்புப் பொத்தான், இந்தப் பக்கம் கம்பெனியின் சிவப்புப் பொத்தான். இரண்டையும் ஒரே நொடியில் அழுத்தினால்தான் கொங்சொன் நிற்கும். ஒருவர் மட்டும் அழுத்தினால், தோல்வியை ஒப்புக்கொண்டது அவர் என்று ஆகிவிடுமாம். இதைக் கண்டுபிடிக்க இரு தரப்பு வக்கீல்களும் ஒரு வசந்த காலம் முழுக்க உட்கார்ந்து பேசினார்கள்.

மறுநாள் அரங்கம் நிறைந்துவிட்டது. மேடை முழுக்கப் பட்டுத் துணி, பூக்கூடை, இரு தரப்புக் கொடிகள். ஓரத்தில் காரியம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று பூசைக்கு வைத்த பன்றித்தலை. நல்ல சிரித்த முகமாகப் பார்த்து வாங்கியிருந்தார்கள்.

சேர்மன் ஓக் முதலில் பேசினார். "நாங்க பணம் குடுக்குறோம், நீங்க மாணவர்களக் குடுக்குறீங்க. ரெண்டும் தீரத் தீர வந்துகிட்டே இருக்கும். இதவிட நல்ல கூட்டணி எங்க கெடைக்கும்?" கைதட்டல் அடங்கவே இல்லை. அடுத்து துணைவேந்தர் யோம். "எங்க பல்கலைக்கழகம் போட்ட ஒப்பந்தங்கள் ஆயிரத்தத் தாண்டிருச்சு. நாங்க ஒண்ணையாவது உக்காந்து படிச்சிருந்தா இத்தன போட்டிருக்க முடியுமா?" அதற்கு இன்னும் பெரிய கைதட்டல்.

யார் முதலில் கைகுலுக்குவது என்று இரு தரப்பு உதவியாளர்களும் திரைக்குப் பின்னால் கல், காகிதம், கத்தரி போட்டுப் பார்த்திருந்தார்கள். யோம் ஜெயித்திருந்தார். எனவே யோம் கையை நீட்டினார். கொங்சொன் அவர் பெயரட்டையைப் பார்த்தது. இடுப்பை ஒடித்துக் குனிந்தது. பிடித்தது.

மான்சொக்குக்கு அந்தச் சத்தம் கேட்டது. நேற்றே கேட்ட சத்தம்தான். யோமின் கண்கள் பிதுங்கின. நெற்றியில் நரம்பு புடைத்தது. ஆனால் எதிரே பதினைந்து கேமராக்கள் மின்னிக்கொண்டிருந்தன. மனிதர் உதட்டை இழுத்துச் சிரித்தார். கை நொறுங்க நொறுங்கச் சிரித்தார். பல்கலைக்கழகத்தை நடத்துவதென்றால் லேசா?

பார்த்துக்கொண்டிருந்த சேர்மன் ஓக்குக்கு வயிறு எரிந்தது. "என்னய்யா இது, விட மாட்டேங்குறான்? எல்லாப் படத்துலயும் இவனே இருக்கப் பாக்குறானா?" என்று உதவியாளனிடம் உறுமிவிட்டு, முண்டியடித்து முன்னால் போய், கொங்சொனின் மற்றக் கையில் தன் கையைத் தானே திணித்தார். ஐந்து விரல்களும் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. சட்டைக் கை வழியே ரத்தம் வழிந்து பட்டுத் துணியில் சொட்டியது.

"பெருமகிழ்ச்சி, சேர்மன் அவர்களே" என்றது கொங்சொன்.

மான்சொக் பாய்ந்து பல்கலைக்கழகப் பொத்தானை அழுத்தினான். "மேலாளரம்மா! அழுத்துங்க! அழுத்துங்கம்மா!"

எதிர்ப்பக்கம் பியோ அம்மாள் ஒரு விரலைப் பொத்தான்மேல் வைத்து, மற்றக் கையில் கைபேசியைக் காதில் வைத்திருந்தாள். "சட்டப் பிரிவுல லைன் கெடைக்கல, தம்பி! பாட்டுப் போட்டு வச்சிருக்காங்க!"

பொத்தானை விட்டுவிட்டு மான்சொக் மேடைக்கு நடுவே ஓடினான். ஒரே வழிதான் இருந்தது. யோமின் கோட்டிலிருந்த பெயரட்டையைப் பறித்து எறிந்தான். கொங்சொன் உடனே பிடியைத் தளர்த்தியது. யோமை மேலும் கீழும் பார்த்து, "யாருப்பா நீ? ஓரமா நில்லு" என்றது.

யோமின் வலது கை துணிபோலத் தொங்கியது. ஆனால் அந்த வலியெல்லாம் இந்த ஒரு சொல்லுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. "யாருப்பாவா? என்னப் பாத்தா?" என்று அலறி, இடது கையால் மான்சொக்கின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். பல் ஆடிவிட்டது. "எட்றா அத! குத்துறா!" மான்சொக் குத்தவில்லை. யோமே தரையில் தவழ்ந்து, அட்டையைத் தேடியெடுத்து, வாயால் கவ்வி, இடது கையால் கோட்டில் குத்திக்கொண்டார்.

"துணைவேந்தர் அவர்களே!" என்று மகிழ்ந்த கொங்சொன், இந்தத் தடவை அவருடைய இடது கையைப் பிடித்தது.

அதற்குள் மேடையேறிய கம்பெனி இயக்குநர் ஒருவர், பல்கலைக்கழகத்துக்காரர்கள் சேர்மனை வேண்டுமென்றே தள்ளிவிட்டார்கள் என்று நினைத்து, பதிவாளரின் மூக்கில் ஒப்பந்தக் கோப்பால் அடித்தார். தோல் அட்டை போட்ட கனத்த கோப்பு. மூக்கு உடைந்தது. பதிவாளர் பூக்கூடையைத் தூக்கி இயக்குநர் தலையில் போட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்களோ, இவர்கள் சண்டையில் தங்கள் முறை தவறிவிடுமோ என்று நெருக்கிக்கொண்டு முன்னேறினார்கள். முன்னால் நிற்பவன் கை நொறுங்குவதைக் கண்ணால் பார்த்தும் ஒருவர்கூட வரிசையை விட்டு விலகவில்லை. விலகினால் எனக்கு எண் குறைவு என்று ஒத்துக்கொண்டது போல ஆகிவிடாதா?

அந்த வரிசையில் பேராசிரியர் மெங்கும் இருந்தார். அவரைக் கண்டதும் மான்சொக்குக்கு உயிரே போய்விட்டது.

"ஐயா, வேணாம்! அந்தக் கை வேணும் ஐயா! சாயங்காலம் குத்தணும்னு சொன்னீங்களே!"

"வழிய விடுடா. எல்லாரும் குலுக்குறாங்க, நான் மட்டும் சும்மா நின்னா என்ன நெனப்பாங்க?"

கொங்சொன் மெங்கின் வலது கையைப் பற்றியது. மான்சொக் அவர் மேல் விழுந்து பெயரட்டையைப் பிடித்து இழுத்தான். மெங் இடது கையால் அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பொத்திக்கொண்டு, "விடுடா! பேராசிரியர்னு போட்டிருக்குடா அதுல!" என்று கதறி, அவன் மணிக்கட்டைக் கடித்தார். ரத்தம் வரக் கடித்தார். இவன் விடவில்லை. நாலைந்து பேர் ஓடிவந்து, நல்லாயிருந்த கைகளாலும் கால்களாலும் மான்சொக்கை அடித்து மிதித்தார்கள். விலா எலும்பு ஒன்று விரிசல் விட்டது. கீழே கிடந்தபடி அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கொங்சொன் மெங்கின் வலது கையை முடித்துவிட்டு, மரியாதை போதாது என்று நினைத்ததோ என்னவோ, அட்டையைப் பொத்தியிருந்த இடது கையையும் பணிவோடு எடுத்துக்கொண்டது.

நிகழ்ச்சி நிரலில் எழுதியிருந்தபடி, கடைசி ஆள் கையும் குலுக்கி முடிந்ததும் கொங்சொன் தானாகவே நின்றது. எல்லோரையும் பார்த்து ஒரு பொதுக் கும்பிடு போட்டது. பிறகு குழுப்படம். புகைப்படக்காரர், "எல்லாரும் முஷ்டிய ஒசத்தி ஃபைட்டிங்னு ஜெயகோஷம் போடுங்க" என்றார். இடது கை மிச்சமிருந்தவர்கள் இடது கையை உயர்த்தினார்கள். அதுவும் இல்லாதவர்கள் தாடையை உயர்த்தினார்கள். அந்தப் படத்தில் வலியில்லாமல் சிரிப்பது பன்றித்தலை ஒன்றுதான்.

இரு தரப்பும் ஆஸ்பத்திரியிலிருந்தே கூட்டறிக்கை விட்டன. தொழிலும் கல்வியும் இதுவரை காணாத ஆழமான பிடிப்பை எட்டிவிட்டன என்று அதில் இருந்தது. கூட்டு விசாரணைக் குழுவும் போட்டார்கள். விழாவில் எல்லாம் சரியாக இருந்தது, பொறுப்பேற்க மட்டும் தகுந்த பதவியில் ஆள் இல்லை என்று குழு கண்டுபிடித்தது. மான்சொக்கைப் பொறுப்பாக்கலாம் என்றால், அவன் எண் பூஜ்யம். பூஜ்யத்தின் தலையில் எப்படிப் பழியைப் போடுவது? உலகம் சிரிக்காதா?

அதனால் அவனை அவசரமாக மெங்கின் வார்டுக்குக் கூட்டிப்போனார்கள். மெங் இரண்டு கையும் தோள்வரை கட்டுப்போட்டுப் படுத்திருந்தார். மான்சொக்கின் மார்பிலும் கட்டு இருந்தது.

"விழா நல்லபடியா முடிஞ்சுதுல்ல?" என்றார் மெங். "நான் வாக்கு மாற மாட்டேன். வாயில வைடா."

மான்சொக் முத்திரையைச் சிவப்பு மையில் தோய்த்து அவர் பற்களுக்கிடையே வைத்தான். ஆய்வேட்டை முகத்துக்கு நேரே பிடித்தான். மெங் கோழி கொத்துவதுபோலக் கழுத்தை நீட்டி ஒரே கொத்து. முத்திரை கோணலாக விழுந்தது. விழுந்துவிட்டது, அவ்வளவுதான் வேண்டும்! மான்சொக் அவர் உதட்டு மையைத் துடைத்துவிடும்போது இருவர் கண்ணிலும் தண்ணீர்.

வாசலில் பியோ அம்மாள் தயாராக நின்றாள். "வாழ்த்துகள், டாக்டர். நீங்க இப்ப கூட்டு ஆய்வகத்தோட பாதுகாப்பு இயக்குநர். விழாவுக்கு மொத நாள்லேருந்தே. உத்தரவுல தேதி அப்படித்தான் போட்டிருக்கோம்."

"அப்ப நடந்ததெல்லாம்..."

"ஒங்க பொறுப்புதான், டாக்டர். அவ்வளவு பெரிய பொறுப்புக்குச் சின்ன எண் குடுத்தா அசிங்கம் இல்லையா? ரெண்டு தரப்பும் ஒரே மனசா அம்பது குடுத்திருக்காங்க. சேர்மனுக்கே இல்ல பாருங்க!"

அம்மாவுக்குப் போன் போட்டான். மறுமுனையில் அவள் விம்மினாள். பிறகு சந்தை முழுக்கக் கேட்கும்படி, "ஏய், கேட்டீங்களாடி, எம்மவன் டாக்டராயிட்டான்!" என்று கத்தினாள். "பேப்பர்ல போட்டோ வருமாய்யா?"

"வரும்மா. நாளைக்குத்தான் எடுக்குறாங்க."

இரண்டாம் கட்ட ஒப்பந்தத்துக்குப் பாதுகாப்பு இயக்குநர் கொங்சொனோடு கைகுலுக்கும் படம் தேவைப்பட்டது. கொங்சொனைத் திருத்தினார்களா என்று கேட்காதீர்கள். யார் எண்ணை யார் குறைப்பது? மான்சொக் முட்டாள் இல்லை. ஆய்வகத்துக்குள் நுழையும்போதே, கையை நீட்டுவதற்கு முன்னால் அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வது என்று முடிவு செய்திருந்தான். சுவரில் காய்ந்த முட்டைக்கோஸ் இலை இன்னும் ஒட்டியிருந்தது. அதையும் பார்த்தான்.

கொங்சொன் அவன் பக்கம் திரும்பியது. பெயரட்டையைப் பார்த்தது. எப்போதும் "வாப்பா" என்று சொல்லும் அதே எந்திரம், தலை தரையில் முட்டுமளவு குனிந்து, "டாக்டர் மான்சொக் அவர்களே" என்றது.

எட்டு வருடம்! பியோ அம்மாளாவது உத்தரவுக் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். இது உள்ளன்போடு சொன்னதுபோல இருந்தது. மான்சொக்குக்குக் கண் கலங்கியது. வலது கை தானாக முன்னால் போனது. இடது கை மார்பிலிருந்த அட்டைக்குப் போனது.

கழற்ற அல்ல. கொஞ்சம் சாய்ந்திருந்தது. கேமராவில் பெயர் முழுசாகத் தெரியவேண்டுமே என்று நேராக்கினான்.

"சிரிங்க, டாக்டர்" என்றார் புகைப்படக்காரர்.

முதல் எலும்பு முறியும்போது மான்சொக் சிரித்துக்கொண்டிருந்தான்.